மேப்பில் பச்சையாக இருந்த இடம்

தலைகீழாக வந்த கன்றைத் திருப்பி எடுத்தது, கோமாரி பரவிய வருஷம் ஊர் ஊராக அலைந்தது, வெறி பிடித்த மாட்டின் வாயில் தெரியாமல் கையை விட்டுவிட்டு ஊசி போட்டுக்கொண்டு பயந்து கிடந்தது என்று சொல்வதற்கு என்னிடம் நிறைய இருக்கின்றன. அவற்றை எழுதப்போவதில்லை. ஒரு கிராமத்துக் கால்நடை மருந்தகத்தில் புது டாக்டராக நீங்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்தாலே போதும், அதெல்லாம் உங்களுக்கே வந்து சேரும். உங்கள் காலத்தில் அடிக்கடி வரப்போகிற, என் காலத்தில் ஒரே ஒரு தடவை வந்த விஷயம் ஒன்று இருக்கிறது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது. கூசுவதால்தான் எழுதுகிறேன்.

என் கடைசி வேலை திருத்தணிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்து மருந்தகம். வீடு திருத்தணியிலேயே, ஊருக்கு வெளியே ஒரு மலையடிவாரத்தில் போட்ட புது மனைப்பிரிவில். நாங்கள் மனை வாங்கிய சமயம் அங்கே களாக்காய்ப் புதரும் இலந்தையும் காரையும் மண்டிக் கிடந்தன. கிரயம் முடிந்த அன்று என் கணவர் ஒரு கைப்பிடி களாக்காய் பறித்து வந்தார். காரில் உட்கார்ந்து உப்புத் தொட்டுத் தின்றோம். அப்புறம் ஜேசிபி வந்தது. எங்கள் தெருவில் வீடுகள் எழும்பி முடிவதற்குள், மலையின் பின்பக்கத்தை ஒரு ஜல்லி கிரஷர் பாதி தின்றுவிட்டது.

மாசியிலேயே வைகாசி மாதிரி வெயில் அடிக்கத் தொடங்கிய வருஷங்கள் அவை. மலையில் இருந்த சுனை தை மாதமே வற்றியது. அத்தி பிஞ்சிலேயே உதிர்ந்தது. குரங்குகள் கீழே இறங்கின. நாட்டுக்குரங்குதான், நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சாமி கும்பிட வருகிறவர்கள் கொடுக்கிற பொரிக்கும் வாழைப்பழத்துக்கும் முன்பே பழகியவை. இப்போது மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து உள்ளே இறங்கிக் குளித்தன. காயப்போட்ட துணியைக் கிழித்தன. எதிர்வீட்டு மருமகள் நிறைமாதக்காரி. மாடியில் அவளைக் காது கிழிந்த ஒரு கடுவன் குரங்கு துரத்தியதில் படியில் சறுக்கி விழுந்தாள். பிள்ளைக்கு ஒன்றுமில்லை, அவளுக்குக் கை முறிந்தது. நான்தான் அவளை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ஆகவே எங்கள் தெருக்காரர்கள் கொடுமைக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டு மேலே படிக்காதீர்கள்.

என் கணவர் அரக்கோணத்தில் ரயில்வே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெருவின் குடியிருப்போர் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் ஆராதனை முடிந்து வந்த பிறகு, சங்கக் கூட்டம் எங்கள் வீட்டு மாடியில் நடந்தது. குரங்குகளைப் பிடித்துக்கொண்டுபோய் விட ஓர் ஆள் கிடைத்திருக்கிறான் என்றார் கணவர்.

"தொட்டிக்குப் பூட்டுப் போடலாம். குப்பையை மூடி வைக்கலாம். மலைமேல தண்ணி வைக்க ஏற்பாடு பண்ணச் சொல்லி வனத்துறையில கேட்கலாம். அவங்க அனுமதி இல்லாம பிடிக்கிறது தப்பு" என்றேன்.

"டாக்டரம்மா, உங்களுக்கு வாயில்லா ஜீவன்னா பாவந்தான். எங்க வூட்டுப் பொண்ணு கையி இன்னா ஆச்சுன்னு பார்த்தீங்க இல்ல?" என்றார் எதிர்வீட்டுக்காரர். 

"சரி, பிடிச்சு எங்க விடுவீங்க?" என்றேன்.

என் கணவர் செல்போனை எடுத்து மேப்பைத் திறந்தார். "இத பாரு. எல்லையத் தாண்டினா ஆந்திரா. எவ்ளோ பெரிய காடு பாரு. பச்சப்பசேல்னு இருக்குது. அதுங்க அங்க போய் நிம்மதியா இருக்கும், நாமளும் இங்க நிம்மதியா இருப்போம்."

செல்போன் கைமாறிக் கைமாறி எல்லோரிடமும் போனது. எல்லோரும் அந்தப் பச்சையை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்கள். அத்தனை பேர் முகத்திலும் ஒரு நிறைவு. என் கைக்கும் வந்தது. நானும் பார்த்தேன். பச்சையாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை இட்லி வைத்துக்கொண்டே மறுபடி சொல்லிப் பார்த்தேன். "இந்தா பாரு, நீ ஆபீசரு. உனக்குத் தெரியாம நடக்கட்டும், வுடு" என்றார்.

தெரியாமல் நடக்கவில்லை. இரண்டொரு நாளில் மருந்தக வாசலில் அவருடைய ஸ்கூட்டர் வந்து நின்றது. பின்னால் கம்பிக்கூண்டு. உள்ளே ஒரு தாய்க்குரங்கு, வயிற்றோடு ஒட்டிக்கொண்டு குட்டி. கூண்டின் அறுந்த கம்பியில் மாட்டி தாயின் முன்கை கிழிந்திருந்தது, எலும்பு தெரிந்தது.

"ஒரு தையல் போட்டுடு. பார்க்கவே கஷ்டமா இருக்குது" என்றார். உண்மையாகவே அவருக்குக் கஷ்டமாக இருந்தது. கண் கலங்கியிருந்தது.

மயக்க ஊசி போட்டு, முடியை மழித்து, தையல் போட்டேன். கறுப்பு நூல் தீர்ந்துபோயிருந்தது. நீல நைலான் நூல்தான் இருந்தது. பல்லால் பிரிக்க முடியாதபடி முடிச்சுகளை ஒட்ட ஒட்டப் போட்டு, நுனியைக் குட்டையாக நறுக்கினேன். அவ்வளவு நேரமும் குட்டி தாயின் வயிற்றை விடவே இல்லை. மயங்கிக் கிடந்தவளின் மார்பில் பால் குடித்துக்கொண்டிருந்தது.

"புண் ஆறுற வரைக்கும் ரெண்டும் இங்கயே இருக்கட்டும். கொண்டுபோகாதீங்க" என்றேன்.

"ஆங், சரி" என்றார்.

பிற்பகல் ஒரு மாட்டுக்குக் கன்று சிக்கிக்கொண்டது என்று கூப்பிட்டார்கள். போய்விட்டுத் திரும்பியபோது கூண்டு இல்லை. குரங்கு ஏற்றிய வண்டி கிளம்பப் போகிறது, ஒன்றை மட்டும் தனியாக விட்டால் கூட்டத்தில் சேராது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். என் கணவர் வந்து எடுத்துப்போய்விட்டார்.

எனக்குத் தெரிந்த வனக்காப்பாளர் ஒருவருக்குப் போன் செய்தேன். நிதானமான மனிதர், பாம்பு, மயில் என்று பல தடவை நாங்கள் சேர்ந்து வேலை பார்த்திருக்கிறோம். நடந்ததைச் சொன்னேன். யார் ஏற்பாடு என்று கேட்டார். கணவர் பெயரைச் சொன்னேன்.  பிறகு விசாரித்துவிட்டு அவரே கூப்பிட்டார்.

"வண்டி எல்லையத் தாண்டிடுச்சு மேடம். அந்தப் பக்கத்துக்குத் தகவல் சொல்லிட்டேன். இனி அவங்கதான் பார்க்கணும்."

போனை வைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்போது எனக்கு வந்தது கவலை இல்லை, நிம்மதி. நான் என் கடமையைச் செய்துவிட்டேன், வீட்டுக்காரருக்கும் ஒன்றும் ஆகாது, குரங்கும் போய்விட்டது. மூன்றும் ஒரே போனில் முடிந்துவிட்டன.

அடுத்து வந்த நாட்களில் தெரு எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும். எதிர்வீட்டு மாடியில் வடாம் காய்ந்தது. பிள்ளைகள் வெளியில் விளையாடினார்கள். நான் ஜன்னலைத் திறந்துவைத்துச் சமைத்தேன். என் கணவரை எங்கே பார்த்தாலும் ஜனங்கள் நிறுத்திக் கை கொடுத்தார்கள். அந்தத் தையல் ஒட்டியிருக்குமா, பிரிந்திருக்குமா என்று நான் நினைத்தது உண்டு. நினைத்துவிட்டு, திறந்த ஜன்னலோரம் நின்று காபி குடித்ததும் உண்டு. நீங்கள் வேலையில் எத்தனையோ தவறு செய்வீர்கள், அவற்றைக் கண்டுபிடிக்க மேலதிகாரிகள் இருக்கிறார்கள். உங்களுக்குள் வருகிற இந்த மாதிரி நிம்மதியைக் கண்டுபிடிக்க யாரும் கிடையாது. அது வந்தால் ஒரு நிமிஷம் நின்று, எதனால் வந்தது என்று பாருங்கள்.

கத்திரி வெயில் ஏறிய ஒரு நாள், உச்சிப்பொழுதில் அதே வனக்காப்பாளர் கூப்பிட்டார்.

"மேடம், உடனே வரணும். ஆந்திரா வண்டி ஒண்ணு நம்ம காப்புக்காட்டு ஓரம் குரங்கைக் கொண்டாந்து விடப் பார்த்திருக்குது. நம்ம ஊர்க்காரங்க மடக்கிட்டாங்க. வண்டி பூரா குரங்கு. ஜனம் சேர்ந்துகினே இருக்குது. ஒரு மாதிரியா இருக்குது."

மருந்துப்பெட்டியை எடுத்துக்கொண்டு எல்லைப்பக்கம் ஸ்கூட்டரை விட்டேன். தார் ரோடு டயரில் ஒட்டியது. தூரத்திலிருந்தே கூட்டம் தெரிந்தது. நடுவில் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி, மேலே நீலத் தார்ப்பாய் இறுகக் கட்டியிருந்தது. நிழல் என்று ஒரு முள்மரம்கூட இல்லாத இடம். சாவியைப் பிடுங்கிவிட்டார்கள். ஓட்டுநர் பயந்துபோய் வண்டிக்குள்ளேயே இருந்தான். வண்டியோடு வந்த ஐம்பது வயதுக்காரர் ஒருவர் சட்டை கிழிந்து ரோட்டோரம் நின்றிருந்தார்.

"மேடம் வந்துட்டாங்க, வழி வுடுங்க! கேளுங்க மேடம், அவங்க ஊர் சனியனை ஏத்திகினு வந்து நம்ம தலையில கட்டப் பார்க்கிறானுங்க!" என்றான் கூட்டத்தில் ஒருவன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஸ்கூட்டரை நிறுத்தின கையோடு அந்த மனிதரைப் பார்த்துக் கத்தினேன். "உங்களுக்கு மனசாட்சி இருக்குதாங்க? உங்க தோட்டம் நல்லா இருக்கணும்னு எங்க காட்டுல கொண்டாந்து கொட்டுவீங்களா? எங்க காடு இன்னா குப்பைத்தொட்டியா?"

கூட்டம் கை தட்டியது. யாரோ விசில் அடித்தார்கள். அந்த மனிதர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வனக்காப்பாளரும் நானும் கயிற்றை அறுத்துத் தார்ப்பாயைத் தூக்கினோம். அடுப்பைத் திறந்த மாதிரி சூடு முகத்தில் அடித்தது. ஒன்றன்மேல் ஒன்றாகக் கூண்டுகள். வாயைத் திறந்து இரைத்துக்கொண்டிருந்தன, எச்சில் ஒழுகியது. கத்தக்கூட அவற்றுக்குத் தெம்பில்லை. சில அசையவில்லை. முன்வரிசைக் கூண்டில் ஒரு தாய்க்குரங்கு கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பிடித்திருந்த முன்கையில் மழித்த இடத்தில் முடி இப்போதுதான் முளைக்கத் தொடங்கியிருந்தது. அங்கே நீல நூல். ஒரு முடிச்சு மட்டும் பிய்ந்திருந்தது, மற்றவை அப்படியே இருந்தன.

தையல் பிரிக்கிற நாள்கூட இன்னும் வந்திருக்கவில்லை. அதற்குள் அது காட்டுக்குப் போய், காடு இல்லாமல், திரும்பி வந்துவிட்டது.

எனக்குக் கை தட்டியவர்கள் முதுகுக்குப் பின்னால்தான் நின்றிருந்தார்கள். திரும்பி அவர்களைப் பார்க்க முடியவில்லை. நான் அந்த நூலையே பார்த்து நின்றதைக் கவனித்த அந்த மனிதர் என் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"நீங்க போட்ட தையலாம்மா? நல்லா போட்டிருக்கீங்க. எங்க தோட்டத்துல புடிச்சப்பவே பார்த்தேன். இது காட்டுக் கோதி இல்ல, யாரோ டாக்டர் பார்த்த கோதின்னு தெரிஞ்சுது. தெலுங்குல வெரட்டினா போகல, தமிழ்ல அதட்டினா திரும்பிப் பார்த்துச்சு. அதான் இந்தப் பக்கம் கொண்டாந்தோம்." குரங்கை அவர்கள் கோதி என்பார்கள்.

"அங்க காடு இருக்குதே" என்றேன். எவ்வளவு அசட்டுத்தனமாகக் கேட்டேன் என்பது எனக்கே கேட்டது.

"எங்கம்மா இருக்குது? குட்டை குட்டையா ரெண்டு கரடு இருக்குது, அதுலயும் தண்ணி இல்ல. கீழ பூரா மாந்தோப்பு. எங்க நைனா வெச்ச தோப்பு. இந்த வருசம் பூவே பாதி கருகிப்போச்சு. மிச்சம் நின்ன பிஞ்சையும் இதுங்க வந்து உதிர்த்துப்புட்டுது. தின்னக்கூட இல்ல, கடிச்சிக் கடிச்சித் துப்பிடுச்சு. அதுங்களுக்கு மாங்கா தெரியல, பிஸ்கட்டுதான் தெரியுது. நேரா வூட்டுக்குள்ள வந்து பிரிட்ஜைத் தொறக்குதும்மா."

"இதுக்கு ஒரு குட்டி இருந்துச்சே?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "பக்கத்துத் தோப்புல கரண்டு வேலி போட்டிருக்காங்கம்மா."  

அந்த நேரத்தில் அங்கே மூன்று பேச்சு நடந்துகொண்டிருந்தது. நம் ஊர்க்காரர்கள், ஒரு குரங்கைக்கூட இங்கே இறக்கக் கூடாது, வந்த வழியே போகட்டும் என்றார்கள். ஓட்டுநர், திரும்பிப் போனால் எங்கள் ஊர்க்காரர்கள் எல்லையிலேயே வண்டியைக் கொளுத்துவார்கள் என்று அழுதான். வனக்காப்பாளர், மேலதிகாரி வந்துகொண்டிருக்கிறார், வந்ததும் முறைப்படி கைப்பற்றலாம் என்றார். மூவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்த நியாயங்கள் எல்லாம் முடிவதற்குள் கூண்டில் இருந்தவை செத்துப்போய்விடும். அவற்றுக்கு வேண்டியது நிழலும் தண்ணீரும், உடனே. சற்றுத் தள்ளி ஒரு கிணற்று மோட்டார் கொட்டகையும் இரண்டு புளியமரங்களும் தெரிந்தன. வண்டி அங்கே போக வேண்டும். சாவி கூட்டத்தின் கையில் இருந்தது. அவர்கள் எதற்குக் கொடுப்பார்கள்? ஆந்திராக் குரங்குக்கு இங்கே நிழல் எதற்கு?

நான் வண்டியின் பின்பலகையில் ஏறி நின்றேன்.

"சாவியைக் குடுங்க. இது ஆந்திராக் குரங்கு இல்ல. நம்ம ஊர்க் குரங்கு. எங்க தெருவுல பிடிச்சது. இந்தக் கையில இருக்கிற தையல் நான் போட்டது. பிடிச்சு அங்க அனுப்பினது என் வீட்டுக்காரர்."

 பின்னாலிருந்து ஒருவன், "அப்ப இதெல்லாம் டாக்டரம்மா வூட்டுக் குரங்கா?" என்றான். கூட்டம் மொத்தமும் சிரித்தது. அந்தச் சிரிப்பை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. சற்று முன் எனக்குக் கை தட்டிய அதே ஆட்கள். ஒரு பெண்மணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அவளுடைய மாட்டுக்கு நான்தான் சினை ஊசி போட்டிருந்தேன். செல்போன்கள் என் முகத்துக்கு நேரே நீண்டன. எனக்கு அந்த வண்டிக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளலாம் போல் இருந்தது. ஆனால் சிரிக்கிறவன் கை தளர்கிறது. வனக்காப்பாளர் அந்த இடைவெளியில் சாவியை வாங்கி ஓட்டுநரிடம் கொடுத்துவிட்டார்.

புளியமரத்தடியில் நடந்த வைத்தியம் உங்களுக்குத் தெரிந்ததுதான், சொல்ல வேண்டியதில்லை. சிரித்தவர்களில் சிலர் வந்து குடத்தில் தண்ணீர் மொண்டு கொடுத்தார்கள். சிலர் படம் பிடித்தார்கள். சட்டை கிழிந்த அந்தத் தோப்புக்காரர் தன் துண்டை நனைத்து நனைத்துக் கூண்டுகளின்மேல் போர்த்தினார். அப்படியும் பல போய்விட்டன. எதிர்வீட்டுப் பெண்ணைத் துரத்திய அந்தக் கடுவனும் போய்விட்டது. காது கிழிந்திருந்ததால் அடையாளம் தெரிந்தது. அது செத்துக் கிடந்தபோது ஒரு பூனை அளவுக்குத்தான் இருந்தது. இதற்கா ஒரு தெருவே பயந்தோம் என்று நினைத்தேன். பயந்தது பொய்யில்லை, அந்தப் பெண்ணின் கை முறிந்ததும் பொய்யில்லை. ஆனாலும் அப்படித்தான் நினைத்தேன்.

எல்லாம் அடங்கிய பிறகு வனக்காப்பாளர் தனியாகக் கூப்பிட்டார். "மேடம், கும்பல்ல சொன்னது வேற, என்கிட்ட சொல்றது வேற. நான் எழுதினா சார் பேரு வரும். யோசிச்சு சொல்லுங்க."

"யோசிச்சுத்தான் சொன்னேன்" என்றேன். யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் சொல்லியிருப்பேனா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நெருக்கடியில் எடுத்த நல்ல முடிவு என்று யாராவது இதைப் புகழ்ந்தால் நம்பாதீர்கள். நல்ல முடிவு எடுக்க வேண்டிய நேரம் எங்கள் மாடியில் செல்போன் கைமாறியபோது வந்தது. அப்போது நான் கேட்டிருக்க வேண்டியது சட்டம் இல்லை. அந்தப் பச்சை என்ன மரம்? சித்திரையில் அங்கே எதைத் தின்னும், எங்கே குடிக்கும்? அங்கே ஏற்கெனவே இருப்பவர்கள் யார்? இவ்வளவுதான். இதை ஒருவர் கேட்டிருந்தாலும் அந்தக் கூட்டம் அன்று கலைந்திருக்கும். மிருகங்களைப் பற்றிப் படித்தவள் நான் ஒருத்திதான் அங்கே இருந்தேன், நானும் விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுக் கொடுத்தேன்.

வீட்டுக்குப் போவதற்குள், நான் வண்டியில் ஏறி நின்று பேசிய படம் என் கணவருக்கு வந்து சேர்ந்துவிட்டது. கூடத்தில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"எத்தினி செத்துச்சு?"

சொன்னேன்.

"நான் மேப்ல பார்த்தேனே. பச்சையாத்தானே இருந்துச்சு."

"அது மாந்தோப்பு."

"மேல இருந்து பார்த்தா எல்லாம் பச்சைதான்" என்றார். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டார்.

மறுநாள் அவரே போய் வனச்சரக அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தார். அபராதம் கட்டினார், சங்கப் பொறுப்பை விட்டார். தெருவில் கை கொடுத்தவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். எதிர்வீட்டுக்காரர் மட்டும் நேராக வந்து, "உங்க வூட்டம்மா வாயை மூடிகினு இருந்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காது சார்" என்றார். அவரிடம் சண்டை போட எங்களுக்குத் தெம்பில்லை.

உயிர் பிழைத்தவை வனத்துறையின் பொறுப்பில், என் மருந்தக மாட்டுக்கொட்டகையில் கூண்டில் இருந்தன. என் கணவர் தினமும் வந்து தண்ணீர் மாற்றினார், கூண்டு கழுவினார். அந்தத் தாய்க்குரங்குக்கு நான் தையல் பிரித்தபோது கூண்டுக்கு வெளியே நின்றார். ஆனால் பார்க்கவில்லை.

தோப்புக்காரர் ஒரு நாள் விசாரணைக்கு வந்துவிட்டு எங்களைப் பார்க்க வந்தார். நான் அன்று ரோட்டில் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "வுடுங்கம்மா. உங்க எடத்துல நான் இருந்தா நானும் கத்தியிருப்பேன்" என்றார். பிறகு என் கணவரோடு உட்கார்ந்து வெகுநேரம் பேசினார். தண்ணீர் தேடி வந்த இரண்டு மான் அவர்கள் ஊர்க் கிணற்றில் விழுந்து செத்ததாம். பன்றி இப்போது பகலிலேயே வருகிறதாம். "கோதியாவது வண்டியில ஏத்தலாம் சார். மத்ததை எல்லாம் எங்க ஏத்துறது?" என்றார். என் கணவர் அவரை பஸ் நிலையம்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

உங்களிடம் இனிமேல் வரப்போவது மாடு, ஆடு மட்டும் இல்லை. வெயிலில் மயங்கி விழுந்த மயில், கிணற்றில் விழுந்த மான், நாய் கடித்த குள்ளநரி என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டுவருவார்கள். கொண்டுவருகிறவர்கள் நல்லவர்களாகத்தான் இருப்பார்கள், கண் கலங்கித்தான் இருப்பார்கள். காயத்துக்கு நீங்கள் தையல் போட்டுவிடலாம். அதற்கப்புறம் அது எங்கே போகிறது என்று கேளுங்கள். பதில் "காட்டுக்கு" என்று வந்தால், எந்தக் காடு என்று கேளுங்கள். அந்தக் கேள்வி பிடிக்காமல் முகத்தைச் சுளிப்பவர் உங்கள் வீட்டு மனிதராகவே இருக்கலாம். நீங்களாகவும் இருக்கலாம்.

குரங்குகளை எங்கே விடுவது என்று வனத்துறையில் பல நாள் பேசினார்கள். ஒவ்வொரு மலைக்கும் கீழே ஓர் ஊர் இருந்தது, ஒவ்வோர் ஊரும் வேண்டாம் என்றது. கடைசியில், பிடித்த இடத்திலேயே விடுவதுதான் முறை என்று முடிவானது. எங்கள் தெருவுக்கு மேலே உள்ள மலைதான். என் கணவர் அதற்கு முன்பே ஆள் வைத்து மேலே பாறையிடுக்கில் இரண்டு சிமெண்ட் தொட்டி கட்டியிருந்தார். தெருவில் ஒருவரும் உதவவில்லை. குடத்தைத் தோளில் வைத்து அவரே நிரப்பினார்.

விடிந்ததும் கூண்டுகளைப் பாதி மலைவரை தூக்கிக்கொண்டு போனோம். வனக்காப்பாளர் கதவுகளைத் திறந்தார். குரங்குகள் வெளியே வந்தன. மேலே பாறையும் தொட்டியும் இருந்தன, கீழே எங்கள் மாடிகள். அவை மேலே ஏறவில்லை. சுற்றி உட்கார்ந்துகொண்டு எங்கள் கைகளைப் பார்த்தன. அந்தத் தாய்க்குரங்கு என் செருப்புக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து, என் விரல்களையே பார்த்தது. என் கையில் ஒன்றும் இல்லை. வனக்காப்பாளர் கை தட்டி மேலே விரட்டினார். என் கணவர் தொட்டித் தண்ணீரைக் கையால் அளைந்து சத்தம் எழுப்பிக் காட்டினார். ஒன்றும் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. முதல் குரங்கு எதிர்வீட்டு மாடியில் குதித்தது. யாரோ தட்டை எடுத்துத் தட்டினார்கள், ஒரு பெண் கத்திக்கொண்டே துணிகளை வாரினாள்.

வனக்காப்பாளர் காகிதத்தை எடுத்தார். "'இயற்கையான வாழிடத்தில் விடப்பட்டன'ன்னு எழுதணும் மேடம். எந்த எடம்னு போடட்டும்?"

எங்கள் தெருவின் பெயரைச் சொன்னேன். விளையாட்டாகச் சொல்கிறேனோ என்று என் முகத்தைப் பார்த்தார்.

"எங்க வூட்டு நம்பரும் போட்டுக்குங்க சார்" என்றார் என் கணவர். ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு கீழே இறங்கத் தொடங்கினார்.